சுருதி கலைக்காத கருவி

ஈயம் பற்றவைக்கும்போது எழும் பிசின் புகைக்குக் கோயில் குங்கிலியத்தின் வாசனை உண்டு. எழுபதுகளின் நடுப்பகுதியில், திருகோணமலைக் கடற்கரையோரம் நாங்கள் இருந்த வாடகை வீட்டில், காலைப் பூசையை முடித்து நான் எழும்பும் வேளையில் அடுப்படிப் பக்கமிருந்து அந்தப் புகை வரும்... இரண்டாவது பூசை தொடங்கிவிட்டது என்று எண்ணிக்கொள்வேன்.

அந்தப் பூசைக்குரியவள் என் மனைவி யோகம்.

அவளுக்குத் தந்திக் கந்தோரில் வேலை. பிறர் வீட்டுப் பிறப்பையும் இறப்பையும் நாள் முழுவதும் விரலால் தட்டி அனுப்புகிறவளுக்கு, தன் குரலையும் ஒருநாள் கடலுக்கு அப்பால் அனுப்பவேண்டும் என்றோர் ஆசை. அமெச்சூர் ரேடியோப் பரீட்சையில் தேறினாள். அகப்பட்ட உறுப்புகளைச் சேர்த்து ஒலிபரப்பியையும் தானே கட்டி முடித்தாள். இனிக் கொழும்பிலிருந்து பரிசோதகர் வந்து, அது உரிய அலைவரிசையில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். நின்றால் லைசென்ஸ். நில்லாவிட்டால், அவர் மறுபடி எப்போது இந்தப் பக்கம் வருவார் என்று எவராலும் சொல்ல ஏலாது.

அலைவரிசையை நிலைநிறுத்துவது ஒரு கம்பிச்சுருள். அதன் நடுவே சிறிய கரிய திருகாணி ஒன்று. அதைத் திருகும்போது, உரிய அலைவரிசைக்கு வைத்துப் பக்கத்திலிருக்கும் ரேடியோவில் ஒரு சீழ்க்கை கேட்கும். அது தணிந்து தணிந்து அடங்குமிடமே சரியான இடம். பதிகம் பாடிப் பழகிய காது என்பதால், சீழ்க்கையைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது.

முதலில் வீட்டிலிருந்த இரும்புத் திருப்புளியால் திருகினாள். சீழ்க்கை அழகாக அடங்கியது. திருப்புளியை வெளியே எடுத்தாள்... மறுபடியும் 'கீ' என்றது.

"இஞ்சாருங்கோ, இது ஆள் பக்கத்தில நிக்கேக்க ஒரு கதை, போனாப் பிறகு ஒரு கதை."

"உம்மட கந்தோர்ப் பெரியவர் மாதிரியோ?"

"அவர் நிண்டாலும் போனாலும் ஒரே கதைதான்."

துறைமுகப் பட்டறையில் வேலைசெய்த ஹனீபா நானா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்; கிண்ணியா ஆள். செய்தி கேட்டுப் பளபளக்கும் பித்தளைத் திருப்புளி ஒன்றோடு வந்தார்.

"தங்கச்சி, வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன சாமான். காந்தம் ஒட்டாது. ஒண்டும் செய்யாது."

நானும் அப்படியே நம்பினேன். யோகம் திருகாணியைத் தொடவேயில்லை. பித்தளையைச் சுருளின் அருகே கொண்டுபோய் எடுத்தாள். சீழ்க்கை துள்ளியோடியது.

"நானா, இது ஒட்டாது. ஆனா வாய் காட்டுது."

"வெள்ளைக்காரன்ட சாமானெல்லே!" என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை அன்றே உறுதியாயிற்று. எதுவானாலும் முதலில் அருகே போய் வரவேண்டும். சுருதி ஒரு மயிரிழை அசைந்தாலும் அது விலக்கு. பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பை அராவிப் பார்த்தாள். சுருதி கலையவில்லை, ஆனால் முனை முறுக்கிக்கொண்டது. மூங்கில் சிராயும் சுருதியைக் கலைக்கவில்லை. திருகும்போது நார் நாராகப் பிரிந்தது. வெளிநாட்டுச் சாமான்கள் கிடைக்காத காலம். பலவந்தம் செய்து திருகாணி வெடித்தால் வேறொன்று இல்லை. சற்றே இறுகினாலும் அவள் கையை எடுத்துவிடுவாள்.

வந்துபோன தடம் தெரியாமல் தொண்டு செய்யவேண்டும் என்று எத்தனையோ பிரசங்கங்களில் பேசியிருக்கிறேன். அதைச் சீழ்க்கையால் அளந்து பார்த்த ஒருத்தியை அப்போதுதான் கண்டேன்.

பரிசோதகர் வருவதற்கு முதல்நாட் பிற்பகல். யோகம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம் மகிழ்ந்துபோனேன்.

"உங்கட மூக்குக்கண்ணாடிக் கால் என்ன சாமான்?"

"அடுத்த கிழமை கோயிலில புராணபடிப்பு இருக்கு" என்றேன்.

"நான் கேட்டது சாமானை."

கழற்றிக் கொடுத்தேன். சுருளருகே பிடித்தாள். சீழ்க்கை துள்ளியது.

"உள்ளுக்குக் கம்பி ஓடுது."

நிம்மதிப் பெருமூச்சோடு, கண்ணாடியைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன்.

"பொறுங்கோ." காதில் கொளுவும் நுனியை மட்டும் அருகே கொண்டுபோனாள். சுருதி அசையவில்லை. கம்பி அதுவரை எட்டவில்லை போலும்.

"சிவ சிவா!"

"இப்ப அவரைக் கூப்பிடாதேங்கோ, வெட்டுற கை நடுங்கும்."

நுனியை வெட்டி, தட்டையாக அராவி, ஒரு மூங்கிற் குச்சியின் தலையில் இறுகக் கட்டினாள். அவளுடைய கை நெருங்கினாலே சுருதி மாறும் என்பதால் குச்சி நீளமாயிருந்தது. திருகினாள். சீழ்க்கை தணிந்தது, அடங்கியது. கருவியை எடுத்தாள்... அமைதி அப்படியே நின்றது.

மறுநாள் பரிசோதகர் தம் கருவியால் அளந்து பார்த்தார். பிறகு, "நான் கலைச்சுவிடுறன், திருப்பிச் சரிக்கட்டுங்கோ பாப்பம்" என்றார். கலைத்தும் விட்டார். நான் மனத்துக்குள் பதிகம் சொல்லத் தொடங்கினேன். யோகம் குச்சியை எடுத்தாள், அவசரமில்லாமல் திருகினாள், எடுத்தாள். அமைதி.

அவர் குச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வாங்கினனீங்கள்?"

"வாங்கேல்ல. இவர் தந்தவர்."

கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்த என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்திட்டார்.

லைசென்ஸ் வந்த அன்று அவள் முதன்முதலாக வானலையில் அழைத்தாள். கடலுக்கு அப்பாலிருந்து, நாகப்பட்டினத்திலிருந்து, ஓர் ஆண்குரல் பதில் சொன்னது. யோகம் என்னைப் பார்த்தாள், யன்னலைப் பார்த்தாள். "இஞ்ச... திருகோணமலையில நல்ல வெயில்" என்றாள்.

"இங்க இப்பதாங்க மழை விட்டுச்சு."

அன்று மாலை முழுவதும் காண்பவர்க்கெல்லாம் அதுவே செய்தி. வேலிக்கு மேலால் ஹனீபா நானாவுக்கும் சொன்னாள். "நானா, அங்க மழையாம்!"

இன்று கனடாவிலிருக்கும் மகளின் முகம் விரல் பட்டவுடன் கைபேசியில் வருகிறது. எதையும் சரிக்கட்ட வேண்டியதில்லை. அதுவும் இறைவன் தந்த வசதிதான். அவளுடைய ஊரின் மழையும் பனியும் அதே கைபேசியில் முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றன. ஆனாலும் யோகம் முதலில் அதைத்தான் கேட்பாள்.

"பிள்ளை, அங்க மழையோ?"

"அம்மா, உங்கட போனிலயே கிடக்கெல்லே?"

"ஓம், பாத்தனான். நீ சொல்லு."