அம்மன் வைத்த மஞ்சள்

எங்கள் குடும்பத்தில் சிலருக்கு முப்பது வயதை ஒட்டிக் கண்ணோரத்தில் மஞ்சளாக ஒரு தடிப்பு வரும். இமையின் மேல், மூக்குப் பக்கமாக, துவரம்பருப்பை ஒட்டி வைத்த மாதிரி இருக்கும். ‘அம்மன் வெச்ச மஞ்சள்’ என்போம். பெரியபாளையத்து பவானி அம்மன் விரலால் தொட்டுவிட்டுப் போன அடையாளம் என்று நம்பினோம். ஆடியில் எங்கள் தெருவுக்குக் கூழ் ஊற்றும்போது, மஞ்சள் விழுந்தவர்தான் முதல் பானையைத் தூக்க வேண்டும். பெரியப்பா தூக்கினார். அவருக்குப் பிறகு என் அப்பா, நைனா. அவருக்குப் பிறகு என் தம்பி.

எனக்கு விழவில்லை. கண்ணாடி முன் நின்று இமையை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது சொன்னால் பைத்தியக்காரி என்பீர்கள். அப்போது அழுகையாகத்தான் வந்தது.

தம்பிக்கு முன் பானை தூக்கிய யாரும் ஐம்பதைப் பார்க்கவில்லை. அதை எங்களில் ஒருவர்கூடச் சேர்த்து யோசிக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். பெரியப்பா நாற்று நட்டுக்கொண்டிருந்த வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்; வெயில் என்றார்கள். நைனா கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை பார்த்தார். நாற்பத்தேழு வயதில், ஷிப்டு முடிந்து சைக்கிளை எடுக்கப் போன இடத்தில் விழுந்தார். உலைச் சூடு என்றார்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. அம்மா வருடம் தவறாமல் பெரியபாளையம் போய் வேப்பஞ்சேலை உடுத்திக் கோயிலைச் சுற்றி வந்தவள். தாலி நிலைக்க வேண்டுமென்றுதான் அந்த வேண்டுதல்.

என் மாமனார் கதை வேறு. அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் காற்றிலேயே வாழ்ந்து, பீடியை விடாமல், ஞாயிறு தவறாமல் தலைக்கறி தின்று, தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய அப்பாவும் அப்படித்தானாம். “கூப்டா போவ மாட்டேனா, எவனும் கூப்டலியேம்மா” என்பார். எனக்குச் சில நாள் அவர்மேல் கோபமே வரும். அவர் என்ன செய்வார், பாவம்.

தம்பியும் இரும்பு ஆலையில்தான் இருக்கிறான். அங்கே வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்த டாக்டர் அம்மா அவன் இமையைப் பார்த்திருக்கிறார். பிறகு குதிகால் நரம்பைத் தொட்டு, ஏன் இவ்வளவு தடிப்பு என்று கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் நேரே என் வீட்டுக்கு வந்தான்.

“செம பேஜாருக்கா. அம்மன் வெச்ச மஞ்சளப் போயி கொழுப்புன்னு சொல்லுது அந்தம்மா. ரத்தம் குடுக்கணுமாம், ஊட்ல கீறவங்கள எல்லாம் இட்டாரணுமாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் அரைநாள் லீவு போட்டு அந்த டாக்டரைத் தேடிப் போனேன், சண்டை போடத்தான். அவர் கோபப்படவில்லை. “உங்க அப்பா எந்த வயசுல இறந்தாரும்மா?” என்று கேட்டார். சொன்னேன். “அவர் கூடப் பிறந்தவங்க?” சொன்னேன். “அவங்களுக்கும் கண்ணுல இது இருந்ததா?” “இருந்துச்சு” என்றவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். மரபணு எல்லாருக்கும் அச்சு மாறாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை. சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது, சில ஆயுளுக்குத் துணையாக நிற்கும், சில குறுக்கே நிற்கும். ரத்தத்தில் இருக்கும் கொழுப்பை ஈரல்தான் வாசல் திறந்து உள்ளே வாங்கிக்கொள்ளுமாம். சில குடும்பங்களில் பிறக்கும்போதே அந்த வாசல்கள் குறைவு. கொழுப்பு வெளியிலேயே தங்கி, இருதயத்துக் குழாயில் படியும். கண்ணிலும் குதிகாலிலும் வெளியே தெரியும். பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. அடியோடு போகாது, ஆனால் தினமும் மாத்திரை போட்டால் ஆயுளை நீட்டலாம் என்றார்.

என் ரத்தத்தைப் பரிசோதித்ததில் அது இல்லை. சந்தோஷப்படத்தான் வேண்டும், முடியவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தோம். எனக்கு நைனாவின் மூக்கு வந்தது, அவனுக்கு நைனாவின் நோய் வந்திருக்கிறது.

தம்பியை ஒரு முறை ரத்தம் கொடுக்க வைக்கத் தலையால் தண்ணி குடித்தேன். அசையவில்லை.

“பொண்ணுக்கு மாப்ள பாக்கற நேரம். பரம்பர ரத்தத்துலயே கோளாறுன்னு தெரிஞ்சா எவன் ஊட்டு வாசல மிதிப்பான்?”

“நீ செத்துப்போனா மட்டும் வரிசையில வந்து நிப்பானுங்களா?” என்றேன். எழுந்து போய்விட்டான். என்னோடு பேச்சை நிறுத்தினான்.

ஆடி வந்தது. தெருவே பாத்திரத்தோடு நின்றது. தம்பி குளித்து, ஈரத் துண்டோடு பானைக்குக் குனிந்தான். அம்மா வந்து பானையின் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவளுக்கு நான் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தேன்.

“தூக்காத” என்றாள்.

“எம்மா, ஜனம் பாக்குது.”

“பாக்கட்டும். எத்தினி வருசம் வேப்பஞ்சேல கட்னேன் உங்க நைனாவுக்கு. அம்மன் குறி காட்டிக்கினேதான் இருந்துகிறா. நாமதான் அத்தக் கும்புட்டுக்கினு சும்மா இருந்துட்டோம். போயி ரத்தம் குடுத்துட்டு வா. அதுக்கு அப்பால தூக்கு.”

அந்த வருடம் முதல் பானையை நான்தான் தூக்கினேன். தெருவில் முணுமுணுப்பு இருந்தது. தம்பி யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மீஞ்சூரில் பரிசோதனைக் கூடம் பூட்டியிருந்ததாம். மறுநாள் வெறும் வயிற்றோடு போய்க் கொடுத்தான்.

டாக்டர் சொன்னதுதான் இருந்தது. அவன் மகளுக்கும் இருந்தது, மகனுக்கு இல்லை. அவனுக்கும் மகளுக்கும் மாத்திரை. பெண் பார்க்க வந்தவர்களிடம் நானே உள்ளதைச் சொன்னேன். ஒரு குடும்பம் காபியைக் குடித்து முடிக்காமல் எழுந்து போனது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தம்பி மாத்திரையைச் சில நாள் மறப்பான். நான் போன் போட்டுத் திட்டுவேன். நடுவில் ஒரு தடவை நெஞ்சு வலி வந்து, குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்து வந்தான்.

போன புரட்டாசியில் அவனுக்கு நாற்பத்தெட்டு பிறந்தது. காலையிலேயே வந்துவிட்டான். நாஷ்டாவுக்கு இட்லி வைத்தேன். தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். உடம்புக்கு என்னவோ என்று பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

“ஒண்ணுமில்லக்கா” என்றான். “நைனா வயசத் தாண்டிட்டேன்.”

“நல்லதுதானடா.”

“நல்லதுதான். கெழவன் ஆனா எப்டி இருக்கணும்னு நம்ம ஊட்ல யாரப் பாத்துக் கத்துக்கறது?”

இட்லியைப் பிட்டு அவன் வாயில் வைத்தேன்.