கூப்பிட்டால் குரல் வரணும்

ஏரல் போகிற பஸ் வழியில் பழுதாகி நிற்கிறது. இறங்கி டீக்கடைக்கு வருகிறேன். எதிரே போலீஸ் ஸ்டேஷன். கடை பெஞ்சுகளெல்லாம் அந்த வாசலைப் பார்த்தே கிடக்கின்றன.

வெங்காய மண்டிக்காரர் ஒருவர் எழுந்து சத்தம் போடுகிறார்.

"ஏலே சுடலை, டீ குடிச்சியா?"

"குடிச்சேன் அண்ணாச்சி!" ஸ்டேஷனுக்குள்ளிருந்து பதில் வருகிறது.

என்ன விஷயம் என்று கேட்கிறேன்.

"எங்க மண்டி லோடுமேன். மோட்டார் களவு போச்சுன்னு காலையில கூட்டிட்டுப் போனாவ. விசாரிக்கட்டும். ஆனா கூப்பிட்டா குரல் வரணும் வே. முன்னால ஒருத்தன் நடந்து உள்ள போனான், தூக்கிட்டு வந்தாவ. அதுலருந்து யாரைக் கூட்டிட்டுப் போனாலும் இங்கன உக்காந்துருவோம்."

மறுபடி கூப்பிடுகிறார். பதில் இல்லை. இன்னொரு முறை. இல்லை. பெஞ்சுகள் காலியாகின்றன. எல்லோரும் ஸ்டேஷன் வாசலுக்குப் போகிறார்கள், நானும்தான்.

ஏட்டு ஓடி வருகிறார். "கக்கூஸ் போயிருக்கான் அண்ணாச்சி! அதுக்குள்ளயா?"

கொஞ்ச நேரத்தில் சுடலையை அனுப்பிவிடுகிறார்கள். பெஞ்சுக்காரர்கள் அவனை அப்படியே வீட்டுக்கு விடுவதில்லை.

"நட லே, பாப்போம். திரும்பு. கையத் தூக்கு."

அவன் சிரித்துக்கொண்டே நடந்து காட்டுகிறான்.

"மாப்பிள்ள மாதிரில்லா நடக்கான்!" என்கிறார் ஒருவர்.

வேறு ஊர்களில் விசாரணை என்று நானும் போலீஸ் ஸ்டேஷன் தரையில் படுத்திருக்கிறேன். வெளியே இருந்து யாரும் என் பேரைக் கூப்பிட்டதில்லை.

பஸ் கிளம்ப ஹாரன் அடிக்கிறது. அண்ணாச்சி கூடவே வருகிறார்.

"உம்ம பேரு என்ன வே?"

சொல்கிறேன்.

"சத்தமாச் சொல்லும்."

சத்தமாகச் சொல்கிறேன்.

"சரி, கூப்பிட வசதியான பேருதான். போய்ட்டு வாரும்."