கதையை நல்ல இடத்தில் நிறுத்திய எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் எழுதவேண்டியவள் அக்காவின் மகள். எழுதுவதாகத்தான் இருந்தாள். ஆனால் அக்காவைப் பற்றி அச்சில் வருகிற ஒரே கட்டுரை இன்னொருவர் பெயரில் வருவதா என்று எனக்கு வயிறு எரிந்தது. பெங்களூருக்குப் போன் போட்டு, நான்தான் எழுதுவேன் என்றேன்.

"நீங்களா? நினைவு நாள் மாமா அது. வந்தவங்க படிச்சிட்டுச் சிரிச்சிட்டா இன்னா பண்றது?"

"அழுவுற மாதிரி வேணும்னா நீ எழுதும்மா. பொறாமைப்படுற மாதிரி வேணும்னா, அதுக்கு நம்ம குடும்பத்துல என்னை விட்டா ஆளு கெடையாது."

ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்: அம்மாவை 'அவர்' என்றுதான் எழுதவேண்டும். ஆயுள் முழுக்க 'வாக்கா, போக்கா' என்று பேசியவன் இங்கே 'வந்தார், போனார்' என்று எழுதுகிறேன். அக்கா கேட்டால், "யாருடா அந்தப் பொம்பள?" என்பார்.

அக்கா பிறந்தது அனந்தபுரத்தை ஒட்டிய கிராமத்தில். கொஞ்சம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கொஞ்சம் கேப்பை, ஒரு கிணறு, அதுதான் எங்கள் சொத்து. அக்கா தலைப்பிள்ளை, நான் கடைசி. அப்பா சீக்கிரமே காலமானார். நிலத்தை அம்மாதான் கட்டிக் காத்தார்கள். உழவு, தண்ணீர் எல்லாம் எப்படியோ நடந்துவிடும். மல்லாட்டை பிடுங்கிப் போட்டதும்தான் கஷ்டம். செடியிலிருந்து காய் ஆய ஆள் வேண்டும். ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் ஆய்வார்கள் என்பதால் ஆள் கிடைக்காது.

அக்கா பள்ளிக்கூடத்து நூலகத்திலிருந்து கதைப் புத்தகம் கொண்டுவந்து, களத்தில் ஒரு கையால் காய் ஆய்ந்துகொண்டே படிப்பார். பக்கத்தில் இருந்த அஞ்சலை அத்தை ஒருநாள், "பாப்பா, இன்னா அப்படி முழுங்கி முழுங்கிப் படிக்கிற? எங்களுக்கும் கேக்கற மாதிரி படியேன்" என்றார். அக்கா படித்தார். கொஞ்ச நேரத்தில் அத்தையே, "நீ காய வெச்சிட்டுப் படிம்மா, உன் பங்க நாங்க ஆயுறோம்" என்று சொல்லிவிட்டார்.

சொன்னது 'நாங்க'. ஆய்ந்தது நான். அம்மா அந்தச் செடிக் குவியலை அப்படியே என் முன்னால் தள்ளினார்கள். அக்கா வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து கதை படிக்க, நான் வெயிலில் விரல் நகம் தேய அவர் பங்குக் காயையும் ஆய்ந்தேன். என் பொறாமை முளைத்தது அந்தக் களத்தில்தான். மழை தப்பினாலும் அந்தப் பயிர் மட்டும் எனக்குத் தப்பியதே இல்லை.

நானும் படிக்கிறேன் என்று ஒருநாள் புத்தகத்தைப் பிடுங்கினேன். ஒரு பக்கம் தாண்டவில்லை. "டேய் தம்பி, நீ படிக்கிற படிப்புக்குக் கதையில வர்ற பொண்ணு வெசத்தக் குடிச்சே செத்துடுவா. நீ காயே ஆயு" என்றார் அஞ்சலை அத்தை. களமே சிரித்தது. அக்காவும் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பொழுது சாயும்போது அக்கா ஒரு வேலை செய்வார். கதை சூடு பிடிக்கும் இடமாகப் பார்த்துப் பட்டென்று புத்தகத்தை மூடிவிடுவார்.

"அப்புறம் இன்னாச்சு பாப்பா? கெணத்துல குதிச்சாளா இல்லியா?"

"நாளைக்கி."

"பாவி, சோறு எறங்காது எனக்கு!"

மறுநாள் விடியும்போதே களத்தில் ஆள் நிற்கும். பக்கத்து நிலத்துக்காரர் வந்து, "ஊரே ஆளுக்கு அலையுது, உங்களுக்கு மட்டும் எப்படிம்மா தானா வராங்க?" என்று கேட்டதற்கு அம்மா சொன்னார்கள்: "நீங்க கூலி மட்டும் குடுக்கறீங்க. எங்க களத்துல கதையும் இல்ல நடக்குது."

அக்கா பள்ளிப் படிப்பு முடித்து, தட்டச்சு கற்று, விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டார். தினமும் காலை பாசஞ்சரில் விழுப்புரம். வண்டி நகர்ந்ததும் புத்தகம் திறக்கும். விழுப்புரத்துக்கு முந்தின ஸ்டேஷன் முண்டியம்பாக்கம் வந்ததும் மூடும், வரியின் நடுவில் இருந்தாலும். கொலைகாரன் யார் என்று தெரியப்போகிற வரியாக இருந்தாலும்.

"உங்களுக்கு மட்டும் படிக்க எப்படி நேரம் கெடைக்குது?" என்று கேட்காதவர்கள் இல்லை. அக்கா சிரித்துக்கொண்டே, "ரயிலு ஏறுனா படிப்பு, எறங்குனா ஆபீசு. பல்லு வெளக்க நேரம் கெடைச்சுதான்னு யாராச்சும் கேக்கறீங்களா?" என்பார். தவறாமல் இன்னொன்றும் சொல்வார்: "வயிறு முட்டப் படிக்கக் கூடாது. பசி மிச்சம் இருக்கும்போதே எழுந்துக்கணும். அப்பதான் மறுநாளும் பசிக்கும்."

ஒருமுறை நானும் அதே வண்டியில் ஏறினேன். தம்பியைப் பார்த்த சந்தோஷத்தில் பேசுவார் என்று எதிரில் உட்கார்ந்தேன். "சாப்பிட்டியாடா?" என்றார். "சாப்டேன்க்கா" என்றேன். அவ்வளவுதான், புத்தகத்துக்குள் போய்விட்டார். முண்டியம்பாக்கம் வரை அக்காவின் முகத்துக்குப் பதில் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அட்டையில் ஓர் ஆள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அக்காவின் வாழ்க்கை கதை படித்துக் கழிந்த வாழ்க்கை அல்ல. அத்தான் நெடுநாள் படுக்கையில் கிடந்தார். வேலைக்கும் போய், அவரையும் பார்த்து, மகளையும் படிக்கவைத்தார். தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை அவர் கவனிக்க நேரமில்லாமல் போனது. அத்தான் காலமான பிறகு அதைக் கவனித்தபோது கண்கள் பாதி போயிருந்தன. மீதியும் போனதும் அக்காவை விழுப்புரத்துக்கு எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்தோம்.

நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே கூரையின்கீழ் ஒத்துப்போவார்களா என்று உறவினர்கள் கவலைப்பட்டீர்கள். நன்றி. ஒத்துப்போய்விட்டார்கள் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

நான் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் 'காயில்' கட்டும் கடை வைத்திருப்பவன். ஒருநாள் மதியம் சாப்பிட வந்து கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. பின்பக்கமாகப் போய்ப் பார்த்தால் என் மனைவி செல்வி கையில் புத்தகத்தோடு அழுகிறாள். அக்காவும் அழுகிறார்.

"இன்னாச்சு? யாராச்சும் செத்துட்டாங்களா?"

"ஆமாங்க."

"யாரு?"

"கதையில."

அன்று சோறே வடிக்கவில்லை. எனக்குப் பசியைவிடப் பொறாமைதான் அதிகம். என் அக்கா, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது இவள். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. களத்தில் கிடைக்காத இடம்.

"அக்கா, நானும் படிக்கிறேன்."

"நீயா? நீ படிச்சி ஒருத்தி வெசம் குடிக்கப் பார்த்தாளேடா!" அக்கா எதையும் மறப்பவர் அல்ல. பிறகு, "சரி, மத்தியானம் செல்வி ஒரு புஸ்தகம் படிக்கட்டும். சாயங்காலம் நீ வேற ஒண்ணு படி. ஆனா கடைய மூடுன ஒடனே வரணும். டீக்கடையில ஒக்காந்துகினு கதையளந்துட்டு வந்தீன்னா, படிப்பு இல்ல" என்றார்.

முதல் நாள் இரண்டாவது பக்கத்தில் தூங்கிவிட்டேன். அக்கா என் தொடையைத் தட்டி, "இன்னாடா, கதையில புலி வந்துடுச்சா?" என்றார். அது என் குறட்டை. மறுநாள் சீக்கிரம் முடிக்கலாம் என்று ஒரு மழை வர்ணனையை அப்படியே தாண்டினேன். "டேய், அந்த மழைய இன்னாத்துக்கு முழுங்குன?" என்றார். திடுக்கிட்டேன். கண் தெரியாதவருக்கு என் திருட்டு எப்படித் தெரிந்தது? படித்துப் படித்தே ஞானதிருஷ்டி வந்துவிட்டது போலிருக்கிறது என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

தினமும் நல்ல இடமாகப் பார்த்து, "போதும், மூடு" என்பார். எனக்கு ஆத்திரமாக வரும். "இன்னும் ஒரே பக்கம்க்கா!" என்று கெஞ்சுவேன். "நாளைக்கி" என்பார். மறுநாள் கடையில் கம்பி சுற்றிக்கொண்டிருக்கும்போதும் மனம் அந்தப் பக்கத்தில்தான் நிற்கும். டீக்கடைக்காரர், "இன்னாண்ணே, இப்பல்லாம் ஜல்தியா கெளம்பிடுறீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். இப்படித்தான், மாதங்கள் போகப்போக, கொட்டாவி விட்டவன் தினம் படிக்கிறவன் ஆனேன்.

அக்காவுக்கு நான் கடைசியாகப் படித்த நாவலில், சண்டை போட்டுக்கொண்டு ஊரைவிட்டு ஓடிய தம்பி, தலை நரைத்த பிறகு மழையில் நனைந்தபடி வந்து அக்கா வீட்டுக் கதவைத் தட்டுகிறான். "போதும்டா, மூடு" என்றார் அக்கா.

"கதவத் தொறப்பாளாக்கா?"

"நாளைக்கி வா, தெரியும்."

மறுநாள் காலை காபி கேட்டார். செல்வி ஆற்றி எடுத்துக்கொண்டு போவதற்குள் அக்கா போய்விட்டார். எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்பது அவருக்கு எப்போதுமே தெரியும்.

காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பியபின் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்ததா இல்லையா என்று தெரியாமலே அக்கா போய்விட்டாரே என்று அதுவரை வராத அழுகை வந்தது. செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அழுவாதீங்க. அண்ணிக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"முடிவுதான். அந்தப் புஸ்தகத்த நாங்க முன்னாடியே படிச்சி முடிச்சிட்டோம். நீங்க சாயங்காலம் படிச்சதெல்லாம் நான் மத்தியானத்துல படிச்சதுதான்."

காரியத்துக்கு மழித்த தலையோடு உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நேரத்திலும் பொறாமைதான் வந்தது என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். எல்லாக் கதையையும் அவளிடம் முதலில் கேட்டுவிட்டு, எனக்கு ஆறிய சோறா?

"அப்புறம் இன்னாத்துக்கு அதே கதைய என்னையும் படிக்க வெச்சாங்க?"

"நானும் கேட்டேன். 'கடைய மூடிட்டு எங்கியோ சுத்திக்கினு இருக்கான். கூப்புட்டா வர மாட்டான். கதைய நல்ல எடத்துல நிறுத்திட்டா தானா வந்துடுவான். எங்க களத்துக்கே நான் அப்படித்தான் ஆளு சேத்தேன்'னாங்க. நீங்க படிக்க ஆரம்பிச்சா போதும், அவங்க மொகத்தப் பாக்கணுமே. தெரிஞ்ச கதைய அப்படி யாருங்க கேப்பாங்க?"

மழையை முழுங்கியது எப்படித் தெரிந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. புத்தகம் படிக்கிற இடம் எனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அக்காவின் களத்துக்கு வந்த ஆள்தான், அன்றும் இன்றும். கூலி மட்டும் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கடைசிக் காலத்தில் அக்காவுக்கும், அதன்பின் எங்களுக்கும் உதவிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்து அக்காவை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற ஆட்டோத் தம்பிக்கும், கண் போன பிறகும் அக்கா பேரிலேயே புத்தகம் கொடுத்துவந்த நூலகத்து அம்மாவுக்கும், துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், அனந்தபுரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் இன்று வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நன்றி. எழுத விட்டுக்கொடுத்த அக்கா மகளுக்கும் நன்றி. அக்காவுக்கு எல்லாக் கதையையும் எனக்கு முன்னால் படித்துக் காட்டிய என் மனைவிக்கும், வயிற்றெரிச்சலோடு, நன்றி.

தினமும் கடையை மூடியதும் நேராக வீட்டுக்கு வந்து, செல்விக்குக் கேட்கும்படி ஏதாவது ஒரு புத்தகம் படிக்கிறேன். மழையை முழுங்குவதில்லை. நல்ல இடம் வந்ததும் மூடிவிடுகிறேன். அந்த நாவலை மட்டும் இன்னும் முடிக்கவில்லை. மழையில் தம்பி நின்றுகொண்டிருக்கிறான், கதவு சாத்தியிருக்கிறது, அக்கா உள்ளேதான் இருக்கிறார். நாளைக்கு வா என்று சொல்லியிருக்கிறார். முடிவு தெரிந்தவர்கள் பந்தியில் என் பக்கத்தில் உட்கார நேர்ந்தால், தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

— தம்பி