குளிசை கேட்காதவர்கள்

இன்று செட்டிகுளத்திலிருந்து வவுனியா வரும் பஸ்ஸில் புனிதமக்காவைக் கண்டேன். எங்கள் கிளினிக்கில் புது மலேரியா மாத்திரையைச் சோதித்தபோது, அந்தக் குளிசையைக் குடித்தவர்களில் அவருடைய கணவரும் ஒருவர். சுகமாகிவிட்டதா என்று பார்க்கும் இரண்டாம் இரத்தப் பரிசோதனைக்கு அவர் வரவில்லை.

"ஏனக்கா, அண்ணை பிறகு வரேல்லை?"

"குளிசை கேக்கேல்லைப் பிள்ளை. காய்ச்சல் மாறாமல் கூடி ஆசுப்பத்திரியில கிடக்கிறார். அவருக்குத்தான் கஞ்சி கொண்டு போறன்."

வராதவர்களை விட்டுவிட்டு, வந்தவர்களை வைத்தே, பழைய குளிசை குடித்தவர்களைவிடப் புதியதைக் குடித்தவர்களுக்கு நல்ல சுகம் என்று நாங்கள் முடிவு கணித்திருந்தோம்.

கிளினிக்குக்குப் போனதும், வராத எல்லோருக்கும் சுகமாகவில்லை என்று வைத்து மறுபடி கணித்தேன். புதுக் குளிசை குடித்தவர்களில்தான் வராதவர்கள் அதிகம். பழையதைவிட அது நல்லதென்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

டொக்டரிடம் காட்டினேன்.

"சுகம் வந்தபடியால்தான் வராமல் விட்டினம் எண்டெல்லோ நினைச்சம்" என்றார். பிறகு, "கொழும்புக்கு அறிக்கை அனுப்பவேண்டாம். ஆக்களைத் தேடிப் போய்க் கேப்பம்" என்றார்.

கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர்களில் பலர் இருக்கும் ஊர்களுக்குச் சண்டையால் பாதை பூட்டிக் கிடக்கிறது.

கேட்க முடியாதவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது, சுகமானவர்களோடா, சுகமாகாதவர்களோடா? இதை வாசிப்பவர்களில் கணக்குத் தெரிந்த யாராவது எனக்கு எழுதுங்கள். "கவலைப்படாதே" என்று மட்டும் எழுதாதீர்கள்.