ஒட்டிப்போன இரண்டு கோடுகள்

அவளை ஓர் இடத்தில் உட்காரவைப்பது நடக்காத காரியம். நகரத் திட்ட அலுவலகத்தில் எல்லாரும் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தால், இவள் நின்றுகொண்டே பார்ப்பாள். பென்சிலைக் கடிப்பாள், ஜன்னல்வரை போய்வருவாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அக்கா சொல்வது பொய்யில்லை. வேலை என்னவோ, மற்றவர்கள் எவ்வளவு நடக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பதுதான். ஒரு பேட்டையில் தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். இன்னொன்றில் நீளநீளமாகப் போகும். எங்கே வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்கும் சீக்கிரம் போகலாம் என்று வரைபடத்தை வைத்து அளந்து மதிப்பெண் போடுவாள்.

மூன்று பேட்டைகளை ஒப்பிட்டதில் நீளத்தெருப் பேட்டைக்குத்தான் முதலிடம். ஊருக்கு வெளியே வரப்போகும் குடியிருப்புக்கும் அதே அமைப்பு என்று பேச்சு. அதோடு விட்டாளா? முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து தினமும் பயிற்சிக்குப் போகவேண்டிய அக்காவை அந்த நீளத்தெருப் பேட்டையிலேயே வீடு பார்த்துக் குடியேற்றினாள். பயிற்சி நிலையம் அடுத்த தெரு, கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று சத்தியம் செய்யாத குறை.

குடிபோன மறுநாளே அக்கா போன் செய்தாள். "ஏண்டி, தெரு முடியுற இடத்துல சுவர் இருக்கே. நான் எப்படிப் போறது?"

போட்டது போட்டபடி ஓடினாள். சுவர் இருந்தது. அதற்கு மேலே பயிற்சி நிலையத்தின் பெயர்ப்பலகையும் தெரிந்தது. போய்ச்சேர வேண்டுமானால் தெருவின் மறுமுனைவரை நடந்து, திரும்பி, அடுத்த தெருவில் அதே நீளம் மறுபடி நடக்கவேண்டும்.

வரைபடம் வரைபவர்கள் அவசரத்தில் இரண்டு தெருக்கோடுகளைச் சேர்க்காமல் விட்டுவிடுவது சகஜம். ஒவ்வொன்றாகத் திருத்த இவளுக்கு ஏது பொறுமை? சின்ன இடைவெளி எங்கே இருந்தாலும் ஒட்டிவிடு என்று கணினிக்கு ஒரே உத்தரவாகப் போட்டிருந்தாள். அது சுவர் நின்ற இடங்களையும் சேர்த்து ஒட்டிவிட்டது. ஊரெல்லாம் சுற்றுகிற கால் அங்கே ஒரு நடை போய்ப் பார்க்கவில்லை.

அலுவலகம் திரும்பி, ஒட்டுகளைப் பிரித்துக் கணக்குப் போட்டாள். முதலிடம் கடைசி இடமாயிற்று. தலைமை அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. அறிக்கை மேலே போய்விட்டது, புதுக் குடியிருப்பில் நாம் சுவர் எழுப்பப்போவதில்லை, சும்மா இரு என்றார். அவளுக்கு வராதது அது ஒன்றுதானே.

"நம்ம எழுப்பமாட்டோம் சார். குடிவர்றவங்க எழுப்புவாங்க. குறுக்குத்தெரு இருந்தா ஒரு வழி அடைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும். இதுல ஒண்ணு அடைஞ்சா அவ்வளவுதான்."

அவர் அறிக்கையைத் திரும்ப வாங்கினார். அவளுக்கு ஓர் எச்சரிக்கையும் கிடைத்தது. புதுக் குடியிருப்புக்கு இப்போது குறுக்குத்தெருக்கள்.

சுவர் தனியார் நிலத்தில் நிற்கிறது, கைவைக்க முடியாது. வேறு வீடு பார்க்கிறேன், வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்று அவள் கெஞ்சினாள். அக்கா எதற்கும் மசியவில்லை.

"மறுபடி சாமான் தூக்க எனக்குத் தெம்பில்ல. நீ தினமும் வந்து என்கூட நட, போதும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

இப்போது தினமும் காலையில் வருகிறாள். அக்கா ஓர் அடி வைத்து நிற்கிறாள், இன்னோர் அடி வைத்து மூச்சு வாங்குகிறாள். பக்கத்தில் இவளும் நிற்கிறாள். கால் பரபரக்கிறது. அக்காவின் கை இவள் தோளில் இருக்கிறது. திரும்பும் முனைக்கு இன்னும் பாதித் தெரு போகவேண்டும்.