நிழல் தின்னும் பூதமும் ஓரணாப் பாட்டுப் புத்தகமும்

"கதையில அந்தக் குழந்தை செத்துப் போறதே, படத்துலயும் கொன்னுடுவாளோ? பொழைக்கணும்னு ஒரு தேங்காய் உடைச்சிருக்கேன்."

பழவங்காடிப் பிள்ளையார் முன்னால், சிதறிய தேங்காய்களுக்கு நடுவில், யாரோ ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அங்கே வேண்டிக்கொள்ளப் போனதும் ஏறக்குறைய அதற்குத்தான்.

சினிமாப் பாட்டுப் புத்தகத்துக்குக் கதைச்சுருக்கம் எழுதுவது என் தொழில். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதன் கதையைச் சொல்லிவிடும் தொழில். பி.ஏ. முடித்து வீட்டில் இருந்தவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்க வேண்டாம் என்பதற்காகவே ஆரியசாலை அச்சகத்தில் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன். பிடித்த நாவலைப் படமாக்குகிறார்கள் என்று கேட்டதும் உங்களுக்கும் கவலை வருமென்றால், நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும்.

அண்ணாச்சியின் தீர்ப்பு

யுத்தகாலக் காகிதத் தட்டுப்பாட்டில் சென்னையிலிருந்து பாட்டுகள் மட்டும் தட்டெழுத்தில் வரும். கதைச்சுருக்கத்தை நாங்களே எழுதி அச்சடித்துக் கொட்டகைக்குக் கொடுப்போம். படப்பெட்டியோ முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் வந்து சேரும். ஆகவே நாவலிலிருந்து வந்த படமென்றால் நாவலைப் பார்த்து எழுதுவதே வழக்கம்.

இந்த நாவல் வாராவாரம் பத்திரிகையில் வந்தபோது ஊரே படித்தது. மனிதரின் நிழலைத் தின்னும் ஒரு பூதம். நிழலைப் பறிகொடுத்தவர் அடுத்த பௌர்ணமியைப் பார்ப்பதில்லை. கதை முழுவதிலும் அந்தப் பூதத்தை யாரும் கண்ணால் காண்பதே கிடையாது. விளக்கு எரியும், ஆள் நிற்பான், சுவரில் மட்டும் ஒன்றும் இருக்காது. படித்த நாட்களில் நான் சமையலறைக்குப் போகும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் போவேன். கடைசியில் ராணியின் கைக்குழந்தையின் நிழல் போகிறது, குழந்தையும் போகிறது.

"படத்துல மாத்தியிருந்தா என்ன செய்யறது?" என்று முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டேன். கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "புஸ்தகத்துல உள்ளத எழுதும்மா. அவன் மாத்தியிருந்தாம்னா அந்தப் பாவம் அவனுக்கு. நமக்கு அச்சுப்பிழை இல்லாம இருந்தாப் போதும்."

முடிவைச் சொல்லாமல், தொட்டிலருகே ராணி விளக்கேற்றும் இடத்தோடு நிறுத்தினேன்.

மேனேஜரின் கவலை

கொட்டகை மேனேஜர் நாயர் அச்சகத்துக்கு வந்து ஒரு பிரதியைப் பிரித்தார். 'எவர் கண்ணுக்கும் தெரியாத பூதம்' என்ற வரியில் அவர் விரல் நின்றது; அதை எடுத்துவிடச் சொன்னார். அந்த வரி பொய்யானால் நாவலே பொய்யாகிவிடும் என்று சொல்ல ஆசை. ஆனால் வாசலில் மூன்று மூட்டைக்காரர்கள் நின்றிருந்தார்கள், நான் தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

புத்தகம் எல்லாம் அடித்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அண்ணாச்சி கையை விரித்தார். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு தம் மலையாளத் தமிழில் புலம்பினார்: "பூதத்தைக் காணிக்காம ஒரு பூதப் படமோ? ஜனங்கள் பெஞ்சைப் பொளிச்சு எடுத்துக்கொண்டு போகும், கேட்டோ!"

கோமதியின் ஆசை

கரமனையில் எங்கள் பக்கத்து வீட்டுக் கோமதிக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. அவள் மாமியார் சீதை மாமி, கர்ப்பிணி பயந்தால் அது வயிற்றுக்குப் போய்விடும் என்று, தெருவில் பூம்பூம் மாடு வந்தால்கூட ஜன்னலைச் சாத்துகிறவள். அவளிடம் கோமதி என் பாட்டுப் புத்தகத்தை வாசித்துக் காட்டியிருக்கிறாள். கண்ணுக்கே தெரியாத பூதம்தானே என்று மாமி சம்மதித்துவிட்டாள், தானும் கூட வருவதாக.

அதில் முடிவு இல்லை, மாமி நாவலைப் படித்தவளும் இல்லை. போக வேண்டாம் என்று கொல்லைப்புறத்தில் அவளிடம் மெதுவாகச் சொன்னேன். கோமதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள்: "போன தடவை எனக்குப் போன அதே வாரம்தான் பத்திரிகையிலயும் அந்தக் குழந்தை போச்சு. எழுதினவர் மனசு வச்சிருந்தா விட்டிருக்கலாம். படம் எடுத்தவனாவது விட்டிருக்கானான்னு நான் பாக்கணும்டி."

ஒரு வரிகூட மாற்றக்கூடாது என்றிருந்த நான் அன்றிலிருந்து ஒரே ஒரு பக்கம் மாறியிருக்க வேண்டுமே என்று தவிக்க ஆரம்பித்தேன்.

பூதம் வந்தது

பகல் ஆட்டம். பெண்கள் பகுதியில் கோமதிக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் மாமி. மேனேஜர் பயந்ததற்கு மாறாகப் பூதம் முதல் ரீலிலேயே வந்துவிட்டது. பானை வயிறு, இரண்டு கொம்பு, வாயில் பெரிய பல். கோமதியின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. பூதம் நிழலைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டு ஏப்பம் விட்டது.

நாவலை இப்படியா கெடுப்பார்கள் என்று எனக்கு அழுகை வந்தது. கெடுத்ததே நல்லது என்றும் இருந்தது. இப்படி மாற்றியவர்கள் முடிவையும் மாற்றியிருப்பார்கள். முன் பெஞ்சிலிருந்து ஒரு சின்னப் பெண் உரக்கக் கேட்டாள்: "அம்மா, இது நம்ம கோபால் மாமாதானே?" கொட்டகை சிரித்தது, கோமதியும் சிரித்தாள்.

தொட்டில்

பிறகு தொட்டில் வந்தது. அந்த இடத்தில் மட்டும் பூதம் வரவில்லை. விளக்கு, தொட்டில், சுவரில் தொட்டிலின் நிழல். நாவலில் இருந்தபடியே, ஒரு வார்த்தை பிசகாமல். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது, சுவரில் குழந்தையின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கோமதி இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. அப்போது ரீல் முடிந்து, அடுத்ததை மாட்டுவதற்காக விளக்குகள் எரிந்தன.

மாமி எழுந்து வெளியே போனாள். நானும் பின்னால் ஓடினேன். படியருகே நின்ற மேனேஜரிடம், "ஓய், அந்தக் குழந்தை என்ன ஆறது?" என்றாள். முந்தின நாள் படத்தைப் போட்டுப் பார்த்திருந்த அவர், நாவலைக் கெடுத்துவிட்டார்கள் என்ற கோபமென்று நினைத்துப் பெருமையாகச் சொன்னார்: "பயப்படண்டா மாமி, அது மட்டும் மாத்தியிட்டில்ல. நாவல்ல உள்ளது தன்னே. குழந்தை மரிச்சுப் போகும்."

மாமி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். நேரே கோமதியிடம் வந்தாள்.

"பொழைச்சுடுத்தாம்டி. மேனேஜரே சொன்னார். ராணி மடியில வச்சுண்டு பாடறாளாம், அதோட படம் முடியறதாம். எழுந்திரு, இனிமே என்ன இருக்கு பாக்க?"

கோமதி பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "அப்படி ஒரு பாட்டு இதுல இல்லையே?"

"அச்சுல விட்டிருப்பா," என்றாள் மாமி, என்னைப் பார்த்து.

கோமதியும் என்னைப் பார்த்தாள். "விட்டுட்டியாடி?"

"காகிதம் போறலை," என்றேன்.

விளக்கு அணைவதற்குள் மாமி அவளைக் கைப்பிடித்து எழுப்பி, தன் தலைப்பை அவள் வயிற்றைச் சுற்றிப் போர்த்தி, வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.