மினுக்கிய சப்பாத்து

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனியில் கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ. துரையின் அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்தபடி இரண்டு பேர் மிஞ்சியிருந்தோம். மற்றவர் வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கியிருந்த யாழ்ப்பாணத்து மனிதர். ஒல்லி உடம்பு, இரவல் கோட்டு, தலை நிறைய நல்லெண்ணெய். பேச்சுக்கிடையே காலில் மாட்டியிருந்த தோல் சப்பாத்துகளை மாறி மாறிக் காற்சட்டையின் பின்பக்கத்தில் தேய்த்துக்கொண்டேயிருந்தார். அவற்றில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.

"தம்பி, துரைமார் முகத்தைப் பாக்கிறேல்லை. முதல் பாக்கிறது சப்பாத்தைத்தான். அதிலயே ஆளை மதிச்சுப்போடுவினம்," என்றார். தூசி படிந்த என் சப்பாத்தைப் பார்த்து இரக்கப்பட்டார்.

பியோன் அவரைக் கூப்பிட்டான். எழுந்து டையைச் சரிசெய்தார். கதவடியில் நின்று, ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் செய்வதுபோல, சப்பாத்தைக் கழற்றிச் சோடி சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. நான் வாயைத் திறக்குமுன் கதவு மூடிக்கொண்டது.

சற்று நேரத்தில் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"நான் சொன்னது சரி தம்பி. உள்ளுக்குப் போனதிலயிருந்து துரை என்ர காலைவிட்டுக் கண்ணெடுக்கேல்லை."

சப்பாத்தை மாட்டி, வழக்கம்போல் ஒருமுறை தேய்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து நான் போனேன். துரை மேசைக்கு மேலால் எட்டி முதலில் என் கால்களைத்தான் பார்த்தார். காலில் சப்பாத்து இருப்பதைக் கண்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

வேலை, சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போன அந்த மனிதருக்குத்தான் கிடைத்தது. அவர் சொன்னதில் என்ன பிழை என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.